அந்தப் பையன் கெடுக்கவில்லை



இது நீளமான பதிவு. அவசரக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள். படிக்காமல் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போக வேண்டாம். 34 வருடம் நோட்டுத் திருத்தியவள் நான். படிக்காமல் போட்ட கையெழுத்து எது என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் இங்கே மகள் வீட்டிலிருந்து ஒரு படம் போட்டிருந்தேன். பேரனும் அவனுடைய ஜோடிப் பையனும் கோல்ஃப் மட்டையோடு நிற்கிற படம். அதற்குக் கீழே நானே இப்படி எழுதினேன்: "பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் கடைசிக் குழி வரை போராடினார்கள். ஜோடிப் பையன் ஒரு சின்ன அடியைத் தவறவிட்டதால் தோல்வி." அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களைப் பார்த்து இரண்டு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

"கூட வந்த பொடியன் கெடுத்துட்டான்" என்று எங்கள் அத்தான் ஒருவர். "நம்ம பையன் தனியா ஆடியிருந்தா கப்பு நமக்குத்தான்" என்று மைனி. "இந்த மாதிரிப் பிள்ளையோட ஏன் சேத்து விடறாங்க, ஸ்கூல்ல கம்ப்ளைண்ட் பண்ணச் சொல்லுங்க டீச்சர்" என்று என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்த ஒரு மாணவி. அவளுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. ஓசூரில் வேலை பார்க்கிற இன்னொரு மாணவன் மட்டும் நேராகக் கேட்டான்: "டீச்சர், நம்ம பையனோட ஸ்கோர் மட்டும் எவ்வளவு?"

உங்கள் பாசத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியது அத்தனையும் தப்பு. அதற்கு வாய்க்கால் வெட்டி விட்டதே என் வாக்கியம்தான் என்பதால் முதல் தப்பு என்னுடையது. அதைத் திருத்தத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள். எனக்கும் ஆறு மாதம் முன்பு வரை ஒன்றும் தெரியாது. கோல்ஃப் என்றால் சினிமாவில் வில்லன் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு போன் பேசுகிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பந்தை மட்டையால் அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழியில் போட வேண்டும். எத்தனை அடியில் போட்டோம் என்பது கணக்கு. மொத்தம் 18 குழி. அடிப்படை இவ்வளவுதான்.

இதில் ஃபோர்சம்ஸ் என்று ஒரு வகை உண்டு. நான்கு பேர் ஆடுவார்கள், ஆனால் பந்து இரண்டுதான். இந்தப் பக்கம் இரண்டு பேருக்கு ஒரு பந்து, அந்தப் பக்கம் இரண்டு பேருக்கு ஒரு பந்து. ஒருவன் அடித்தால் அடுத்த அடி மற்றவனுடையது. பந்து எங்கே கிடந்தாலும் அவன்தான் போய் அடிக்க வேண்டும். முள்ளுக்குள் கிடந்தாலும் சரி, மணல்குழியில் புதைந்து கிடந்தாலும் சரி. முறை மாறி அடித்துவிட்டால் அந்தக் குழி எதிர் ஜோடிக்குப் போய்விடும். ஒவ்வொரு குழியிலும் முதல் அடி யார் அடிப்பது என்பதையும் முதலிலேயே பிரித்துக்கொள்வார்கள். ஒருவனுக்கு ஒற்றைப்படைக் குழிகள், மற்றவனுக்கு இரட்டைப்படைக் குழிகள். கடைசி வரை அது மாறாது. கோல்ஃப் சட்டப் புத்தகத்தில் 22-ஆம் விதி முழுக்க இதற்குத்தான்.

ஃபோர்பால் என்று இன்னொன்றும் இருக்கிறது. அதில் ஆளுக்கு ஒரு பந்து. ஜோடியில் யார் குறைந்த அடியில் போட்டாரோ அவர் கணக்கை எடுத்துக்கொள்வார்கள். கூட வந்தவன் சொதப்பினால் உனக்கு நஷ்டம் இல்லை. நீங்கள் எல்லாரும் மனதில் வைத்திருப்பது இந்த ஆட்டத்தை. பேரன் ஆடியது அது இல்லை.

இங்கே ஹெச்.எம்.சி. என்று ஒரு தலைமையாசிரியர் சங்கம். 1869-இல் எட்வர்ட் த்ரிங் என்ற தலைமையாசிரியர் தன் பள்ளியில் மற்ற தலைமையாசிரியர்களைக் கூட்டி ஆரம்பித்தது. அதன் உறுப்புப் பள்ளிகளுக்கு நாடு முழுவதும் நடக்கிற ஃபோர்சம்ஸ் போட்டி இது. தோற்றால் வெளியே. அன்றைக்கு ஒரு பள்ளிக்கு மூன்று ஜோடி. இரண்டு ஜோடி ஜெயித்தால் பள்ளி ஜெயித்தது. பேரனுக்கு 17 வயது, பள்ளிக்கூட அணியில் மூத்தவன். அவனோடு சேர்த்துவிட்ட பையனுக்கு 13. உயரம் பேரனின் தோள் வரைக்கும் இல்லை.

நான் சேலைக்கு மேல் மருமகனின் கம்பளிக் கோட்டு, காலில் மகளின் கேன்வாஸ் ஷூ என்று 18 குழியும் கூடவே நடந்தேன். என் முழங்காலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது பெரிய செய்தி. கடல் காற்று முகத்தில் அறைகிறது. மே மாதத்தில் குளிருகிற ஊரைக் கடவுள் எதற்குப் படைத்தான் என்று தெரியவில்லை. பாதி வழியில் யாரோ ஒரு புண்ணியவதி பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

எங்கள் பக்கம் ஒரு ஜோடி ஜெயித்துவிட்டது, ஒரு ஜோடி தோற்றுவிட்டது. பேரன் ஜோடி 17 குழி முடிந்து சமமாக நிற்கிறது. ஆக 18-ஆவது குழிதான் பள்ளிக்கே தீர்ப்பு.

இனி கவனமாகப் படியுங்கள். முதல் அடி பேரனுடையது. நன்றாகத்தான் அடித்தான், ஆனால் எதிர்காற்று. குழி இருக்கிற பச்சைத் தரைக்கு இன்னும் 160 கெஜம் பாக்கி. இரண்டாவது அடி சின்னவன். அந்த உயரத்துக்கு அது பெரிய தூரம். அந்தக் காற்றில் தலை பெருத்த மட்டையை எடுத்து அடித்தான் பாருங்கள், பந்து தாழ்வாகப் போய் விழுந்து உருண்டு பச்சைத் தரையில் ஏறி நின்றது. எதிர்ப்பள்ளிப் பெற்றோர்கூடக் கை தட்டினார்கள். குழிக்கு 30 அடி தூரம். மூன்றாவது அடி பேரன். மெல்ல உருட்டிக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டியதுதான் அவன் வேலை. அதற்கு "பட்" என்று பெயர். இவனுக்கு நேராக உள்ளே போட்டு ஜெயித்துவிடலாம் என்று ஆசை வந்துவிட்டது. வேகமாக உருட்டினான். பந்து குழி விளிம்பைத் தொட்டுக்கொண்டு தாண்டிப் போய் 5 அடி தள்ளி நின்றது, அதுவும் மேட்டுப் பக்கம். இப்போது அங்கிருந்து சரிவில், வழுக்குகிற புல்லில், 13 வயதுப் பையன் அதை உருட்டிப் போட வேண்டும். அவன் தவறவிட்டான்.

எல்லாரும் பார்த்தது அந்த 5 அடியைத்தான். நானும் அதைத்தான் பார்த்து எழுதினேன். அந்த 5 அடியை அவனுக்கு மிச்சம் வைத்தது யார்?

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் பேரனே சொன்னான். அதுவும் 18-ஆவது குழியை விட்டுவிட்டு 14-ஆவதிலிருந்து ஆரம்பித்தான். "ஆச்சி, 14-லயே நான் தப்பு பண்ணிட்டேன்." அந்தக் குழியில் அவன் அடித்த முதல் அடி அன்றைய நாளிலேயே நீளமானது. நான்கூட "அடேயப்பா" என்றேன். பந்து 60 கெஜம் மிச்சம் வைத்துக் கிடந்தது. நடுவில் ஒரு மணல்குழி. நமக்கு என்ன தோன்றும்? பக்கத்தில் கொண்டுபோய்விட்டான், இனி சுலபம். சின்னவனுக்கு அது சுலபமில்லை. அவனுக்குக் கை பழகிய தூரம் 110 கெஜம். எட்டாம் நம்பர் மட்டையால் முழு வீச்சில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான். 60 கெஜம் என்றால் பாதி வீச்சு, அளந்து அடிக்க வேண்டும், மணலையும் தாண்ட வேண்டும். பந்து மணலில் விழுந்தது. குழி போனது. பேரன் முதல் அடியிலேயே 50 கெஜம் குறைத்து அடித்திருந்தால் சின்னவன் அவனுக்குப் பிடித்த அடியை அடித்திருப்பான்.

"நான் எனக்காக அடிச்சேன் ஆச்சி. அவனுக்காக அடிக்கல."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு. பெட்ரோல் பங்க் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மருமகன் உள்ளே போயிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன். 17 வயதுப் பிள்ளைக்கு இதை எந்த வகுப்பில் வைத்து, எந்தப் பாடநூலை வைத்துச் சொல்லிக் கொடுப்பீர்கள்? ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் என்று எனக்கு ஒரு தடித்த புத்தகம் கொடுத்தார்கள். நல்ல மார்க்கும் வாங்கினேன். அந்தப் புத்தகத்தில் இது இல்லை.

அந்த மைதானத்து டீக்கடையில், அதை கிளப் ஹவுஸ் என்கிறார்கள், வேறு சில பெற்றோர் பேசியதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஆட்கள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைக்கார அப்பா மிக மரியாதையான குரலில் சொல்கிறார், இந்தப் போட்டியே வீண் என்று. காரணம், கோல்ஃபில் ஒவ்வொருவருக்கும் ஹேண்டிகேப் என்று ஒரு திறமை எண் உண்டு. அது குறையக் குறையப் பெருமை. ஃபோர்சம்ஸ் ஆடினால் அந்த எண்ணுக்குக் கணக்கில் சேராது. அமெரிக்கக் கல்லூரியில் கோல்ஃப் உதவித்தொகை வாங்க நினைக்கிற பிள்ளைக்குத் தனிக் கணக்கு வேண்டும். அதனால் ஆளுக்கு ஒரு பந்து கொடுத்துத் தனித்தனியாக ஆட விட்டுக் கூட்டிப் போட்டால் நல்லது என்கிறார். சுற்றி நின்ற நாலு பேர் தலையாட்டினார்கள்.

ஓசூர்த் தம்பி, உன் கேள்விக்கும் இதுதான் பதில். நம் பையனின் ஸ்கோர் மட்டும் என்று ஒன்று கிடையாது. பிரித்து எடுக்கவே முடியாது. 18-ஆவது குழியில் அவர்கள் எடுத்தது 5 அடி. அதில் எது யாருடையது? முதல், மூன்று, ஐந்து பேரன். இரண்டு, நான்கு சின்னவன். நான்காவது தவறியது மூன்றாவதால். மூன்றாவதை உருட்டுகிற இடத்துக்குப் பந்தைக் கொண்டுவந்தது இரண்டாவது. எப்படி மார்க் போடுவாய்? நம் தமிழ்நாட்டில் 2017-இல் பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே நிறுத்தினார்கள். நல்ல காரியம் என்று அன்றைக்கு நீதானே எனக்குப் போன் போட்டுச் சொன்னாய்? இப்போது விளையாட்டுக்குள் வந்து ரேங்க் தேடுகிறாயே.

தனியாக ஆடியிருந்தால் கப்பு என்று எழுதிய மைனிக்கு ஒரு கதை, நடந்த கதை. ரைடர் கோப்பை என்று அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடக்கிற பெரிய போட்டி. 1927-இல் அது ஆரம்பித்த நாளிலிருந்து ஃபோர்சம்ஸ் அதில் உண்டு. 2004-இல் அமெரிக்கா டைகர் உட்ஸையும் ஃபில் மிக்கல்சனையும் ஒரே ஜோடியாகப் போட்டது. இரண்டு பேரும் அன்றைக்கு உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள். இவர்களை யார் வெல்ல முடியும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரே நாளில் காலையில் ஃபோர்பால், மதியம் ஃபோர்சம்ஸ் இரண்டிலும் தோற்றார்கள். மதியம் ஆட்டம் சமமாக நிற்கையில் கடைசிக் குழியில் மிக்கல்சன் அடித்த முதல் அடி இடது பக்கம் வெகுதூரம் போய் ஒரு வேலி ஓரம் கிடந்தது. அங்கிருந்து அடிக்க வேண்டியவர் டைகர். அவர் என்ன செய்வார்? அபராத அடி ஏற்று நகர்த்தி வைத்து அடித்தார். இரண்டு 100 மார்க் பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் 200 வராது மைனி.

உட்கார வைப்பது என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப் போகிறது. பல வருடம் முன்பு என் ஏழாம் வகுப்பில் இரண்டு பையன்கள் ஒரே பெஞ்சு. ஒருவன் கணக்கில் புலி, மற்றவன் பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் போக மாட்டான். புலி இவனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே தன் கணக்கைப் போடுவான். அரைப் பரீட்சையில் புலிக்கு மூன்று மார்க் குறைந்தது. அவன் அம்மா வந்து, "அவன் பக்கத்துல எம் பிள்ளைய உக்கார வைக்காதீங்க டீச்சர், படிப்பு கெடுது" என்றார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மறுநாளே இடம் மாற்றினேன். புலிக்கு அடுத்த பரீட்சையில் மார்க் கூடவில்லை. மற்றவன் கணக்கு நோட்டுக் கொண்டு வருவதையே நிறுத்திவிட்டான். இரண்டு பேரும் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறீர்கள், அது என் சாமர்த்தியத்தால் இல்லை. அதனால் "ஏன் சேத்து விடறாங்க" என்று யாராவது எழுதும்போது எனக்கு அந்த அம்மாவின் குரல் கேட்கிறது. அதற்குத் தலையாட்டிய என் முகமும் தெரிகிறது.

இன்னொன்று எனக்கு முதலில் கோபம் வந்த விஷயம். சின்னவன் அந்தக் கடைசி பட்டைத் தவறவிட்டு நிற்கிறான், உதடு துடிக்கிறது. வாயைத் திறந்து "சாரி" என்று சொல்லப் போனான். பேரன் தலையை ஆட்டித் தடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, எதிர் ஜோடிக்குக் கை கொடுக்க அவனை முன்னால் தள்ளிவிட்டான். என்னடா, ஒரு மன்னிப்புக்கூடக் கேட்க விடமாட்டாயா என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஃபோர்சம்ஸ் ஆடுகிறவர்களிடம் பழைய வழக்கம் அது. ஜோடியிடம் சாரி சொல்லக் கூடாது. ஒரு தடவை சொன்னால் 18 குழியிலும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டவன் தன் அடுத்த அடியை யோசிப்பதை விட்டுவிட்டு இவனைச் சமாதானப்படுத்த வேண்டும். தவிர, சாரி என்றால் தப்பு உன்னுடையது என்று ஆகிவிடுகிறது. பந்தே இரண்டு பேருடையது என்னும்போது தப்பு மட்டும் எப்படி ஒருவனுடையதாகும்? வகுப்பில் உங்களை எல்லாம் எதற்கெடுத்தாலும் "சாரி சொல்லு" என்று நிற்க வைத்த ஆள் நான். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். பாருங்கள், பழக்கம் விடவில்லை.

இனி மற்றொரு கட்சி. "பணக்காரன் விளையாட்டுக்கு இவ்வளவு வியாக்கியானமா டீச்சர்" என்று ஒருவன் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறான். இவனோடு மட்டும் நான் பாதி தூரம் வருகிறேன்.

ஏப்ரலில் பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களை டீல் என்ற கடற்கரை ஊருக்குக் காரில் கூட்டிப் போனார். கென்ட் மாவட்டம். அங்கே ராயல் சின்க் போர்ட்ஸ் என்ற பழைய மைதானத்தில் ஹால்ஃபர்ட் ஹியூவிட் கோப்பை நடக்கிறது. இது பழைய மாணவர்களுக்கான ஃபோர்சம்ஸ். 1924-இல் தொடங்கியது. 64 பள்ளிகள், பள்ளிக்கு 10 பேர், 5 ஜோடி. ஆக 640 பேர். ஒரே மைதானம் போதாமல் பக்கத்து ஊர் சாண்ட்விச்சில் உள்ள ராயல் செயின்ட் ஜார்ஜஸ் மைதானத்திலும் ஆடுகிறார்கள். முதல் குழியில் பச்சைத் தரைக்கு முன்னால் ஒரு ஓடை. சமமாக முடிந்த ஆட்டத்தை நீட்டிக்க மறுபடி அந்தக் குழிக்குத்தான் வருவார்கள். எத்தனை பள்ளியின் மானம் அந்தத் தண்ணீரில் போயிருக்கிறதோ. நரைத்த தலைகளும் இளவட்டங்களும் ஒரே அணியில். அப்பா வயதுக்காரரும் பிள்ளை வயதுக்காரனும் ஒரு பந்தை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. பழைய மாணவர் சங்கம் என்றால் மண்டபம் பிடித்து பிரியாணி போட்டுப் பொன்னாடை போர்த்துவது மட்டும்தானா என்று எனக்கே தோன்றியது.

ஆனால் அந்த 64 பள்ளிகளின் பெயரைப் பாருங்கள். ஈட்டன், நேரு படித்த ஹாரோ, அதிக முறை கோப்பை வென்ற சார்ட்டர்ஹவுஸ் என்று போகிறது. இவற்றை இங்கே பப்ளிக் ஸ்கூல் என்பார்கள். பொதுப் பள்ளி என்று நினைத்துவிடாதீர்கள், அர்த்தம் நேர் எதிர். கட்டணம் கட்டிப் படிக்கிற பள்ளிகள். இங்கிலாந்தில் 100 பிள்ளைகளில் சுமார் 7 பேர்தான் அப்படிப் படிக்கிறார்கள். பேரன் ஆடிய போட்டியும் பெரும்பாலும் அதே வகைப் பள்ளிகளுக்குத்தான். பேரன் அங்கே படிக்கிறான், ஆகவே இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. மகள், மருமகன் இரண்டு பேர் சம்பளத்தில் ஒருவர் சம்பளம் அப்படியே அந்த ஃபீஸுக்குப் போகிறது. 2025 ஜனவரியிலிருந்து அதன் மேல் 20 சதவீதம் வாட் வரி வேறு. ஊராட்சி ஒன்றியப் பள்ளி டீச்சரின் பேரன் என்பதை மட்டும் நான் மறக்கவில்லை.

இங்கேதான் வெள்ளைக்காரர்களோடு எனக்குச் சண்டை. கோல்ஃபிலேயே செலவு குறைந்த வகை ஃபோர்சம்ஸ்தான் ஐயா! நாலு பேருக்கு இரண்டு பந்து. ஜோடியில் இருவரும் மட்டைகளைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், இருவரிடமும் சேர்த்து 14-க்கு மேல் போகாமல் இருந்தால் சரி என்று சட்டமே சொல்கிறது. ஆக நாலு பிள்ளைகளுக்கு இரண்டு பை போதும். நேரமும் குறைவு. ஒருவன் முதல் அடி அடிக்கும்போதே மற்றவன் பந்து விழப் போகிற இடத்துக்கு முன்னால் நடந்து போய்விடலாம். பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டும் என்கிற ஆட்டத்தை, ஏற்கெனவே ஆளுக்கொரு பை வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் 100 வருடமாகப் பூட்டி வைத்திருப்பது என்ன நியாயம்? அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கோல்ஃபுக்குக் கூட்டி வர வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது இதைத்தான். கட்டணப் பள்ளி ஜோடி ஒன்றும் அரசுப் பள்ளி ஜோடி ஒன்றும் மோதுவதுகூட வேண்டாம். ஒரு ஜோடியிலேயே ஆளுக்கு ஒருவரைப் போடுங்கள். அந்தப் பிள்ளை எங்கே அடித்துப் போடுகிறதோ அங்கே போய் இந்தப் பிள்ளை நிற்கட்டும்.

இது என் கற்பனை என்று சிரிக்க வேண்டாம். எடின்பரோவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிற கதை ஒன்று உண்டு. 1682-இல் லீத் என்ற இடத்து வெளியில், யார்க் கோமகன் (பின்னாளில் இவர்தான் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர்) இரண்டு இங்கிலாந்துப் பிரபுக்களோடு பந்தயம் கட்டினார். தனக்கு ஜோடியாக அரண்மனையில் யாரையும் அவர் தேடவில்லை. ஊரில் நன்றாக ஆடுகிறவன் யார் என்று விசாரித்து, ஜான் பேட்டர்சன் என்ற செருப்புத் தைப்பவரைக் கூப்பிட்டுக்கொண்டார். ஜெயித்தார்கள். பந்தயப் பணத்தில் பேட்டர்சன் ஊருக்குள் வீடு கட்டினார் என்பது கதை. 340 வருடத்துக்கு முன்னால் இளவரசருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் ஒரு பக்கம் நிற்க முடிந்தது. இன்றைக்குப் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் உள்ள இரண்டு பள்ளிக்கூடத்துக்கு முடியவில்லை.

பணக்காரன் விளையாட்டு என்று கேட்ட தம்பிக்கு இது போதும் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி தூரத்துக்கு நான் வரவில்லை. வேலி போட்டவன் மேல் கோபப்படு. உள்ளே விளைந்திருப்பதை நல்லதில்லை என்று சொல்லாதே.

படத்துக்குக் கீழே எழுதியதை இன்று காலை மாற்றிவிட்டேன். "18-ஆவது குழியில் 5 அடி எடுத்துத் தோற்றார்கள்" என்று மட்டும் இருக்கிறது. அத்தானும் மைனியும் மற்றவர்களும் உங்கள் கருத்துகளைத் தயவு செய்து நீக்கிவிடுங்கள். அந்தப் பையனின் அம்மா என் மகளுக்குத் தோழி, இந்தப் பக்கத்தையும் பார்க்கிறாள். தமிழ் தெரியாது, ஆனால் கீழே மொழிபெயர்ப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறதே. நான் திருத்துவதற்கு முன்னால் அதை அழுத்தியிருப்பாளோ என்றுதான் இரண்டு ராத்திரியும் கவலை.

பேரனுக்குப் பள்ளியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. அடுத்த சீசனுக்கு ஜோடி யார் என்று பயிற்சியாளர் கேட்டதற்கு அதே பையனைத்தான் சொல்லியிருக்கிறான். ஒரே மாற்றம், ஒற்றைப்படை பேரனுக்கு, இரட்டைப்படை சின்னவனுக்கு. அப்படியென்றால் 14-ஆவது குழியில் முதல் அடி சின்னவன். அதற்குள் அவன் இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிடுவான் என்கிறார்கள்.